மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை உண்டு. நெற்றியில் வலப்பக்கம் எரிச்சலாக இருந்தது. மறுநாள் கொத்தாகக் கொப்புளங்கள். நான்கு நாளாகிறது. இப்போது மூக்கு நுனியிலும் ஒன்று வந்திருக்கிறது, வலது கண் சிவந்து நீர் வடிகிறது. ‘அக்கிதான், காவி எழுதினால் அடங்கிவிடும்’ என்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போடலாமா? வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறது.

பதில்: போட வேண்டாம். இன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவசரத்துக்குக் காரணம் அந்த மூக்கு நுனிக் கொப்புளம். மூக்கு நுனிக்கு வரும் நரம்பின் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. ஆனால், மூக்கில் கொப்புளம் இல்லாவிட்டால் கண் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது.

இது அக்கிதான். சின்னம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும். வயதாலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்பு சக்தி தளரும்போது நரம்பு வழியே தோலுக்கு வரும். ஒரு பக்க நரம்பு என்பதால் நெற்றியின் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை.

காவி குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தோலில் வரும் அக்கி எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். நல்ல பெயர் காவிக்குப் போய்விடுகிறது. வைரஸை எதிர்க்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. உங்களுக்கு அது கடந்துவிட்டது. இருந்தாலும் கண் பாதிப்பு இருப்பதால் இப்போதும் தொடங்குவார்கள். வழக்கமான அளவு: வாலாசைக்ளோவிர் 1 கிராம் தினம் மூன்று வேளை, 7 நாள், அல்லது அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் ஐந்து முறை, 7 முதல் 10 நாள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்த அளவே மூளையைக் குழப்பிவிடலாம். சர்க்கரைக்காரர் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின் அளவைச் சொல்லி மருந்து வாங்குங்கள்.

கண் மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கருவிழியில் புண் இருந்தால் மரக்கிளைபோலப் பச்சையாக ஒளிரும். பஞ்சு நூலால் கருவிழியைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். நரம்பு மரத்துப்போனால் தூசி விழுந்தாலும் தெரியாது. புண் வலிக்காமலே ஆழமாகும். ‘வலி போய்விட்டது’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் ‘சிவப்புக்கு’ என்று தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இதே குடும்பத்து ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் போட்ட கோடு மாதிரிப் புண், ஸ்டீராய்டு பட்டால் அகன்ற ரணமாகிவிடும். பிறகு கண்ணின் உள் அழற்சிக்கு மருத்துவரே ஸ்டீராய்டு எழுதக்கூடும். அதை அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடும். தோல் காய்ந்து பல வாரம் கழித்தும் கண்ணில் பாதிப்பு வரலாம் என்பதால் மறுபரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

காதில் கொப்புளம் வந்து அதே பக்கம் வாய் கோணினால், கண்ணை மூட முடியாமல் போனால், அது முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பில் வந்த அக்கி. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புண் ஆறி மூன்று மாதமாகியும் எரிச்சல் நீடித்தால் சாதாரண வலி மாத்திரை கேட்காது. கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்புவலி மருந்துகள் தேவைப்படும்.

குழந்தை விஷயம். கொப்புளத்து நீர் பட்டால் குழந்தைக்கு அக்கி வராது, சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அம்மா குழந்தையைத் தூக்க வேண்டாம். துண்டு, தலையணை தனியாக இருக்கட்டும். சின்னம்மை வராத கர்ப்பிணி யாரும் வீட்டில் இருந்தால் அவரும் விலகியே இருக்க வேண்டும்.