கரடியின் தலையில் சிக்கிய ஸ்வெட்டர்

சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ஒரு பாட்டி கேட்கிறார்: நான்கு வயதுப் பேத்தியின் துணிக்கரடிக்கு ஸ்வெட்டர் பின்னினாராம். வயிற்றைச் சரியாக அளந்தும் கழுத்து தலைக்குள் நுழையவில்லை. கீழ் ஓரம் வேறு சுருண்டுகொள்கிறது. வீட்டில் ஒன்றரை வயதுப் பேரனும் இருப்பதால் பொத்தான் வைக்கப் பயமாம்.

பயம் நியாயமானது. மூன்று வயதுக்குள் எதுவும் வாய்க்குத்தான் போகும். எனவே பொத்தான், மணி இரண்டும் வேண்டாம்.

மற்றபடி உங்கள் பின்னலில் குறையில்லை. கரடியின் உடல்வாகுதான் அப்படி. நீங்கள் அனுப்பிய அளவில் வயிறு 30 செ.மீ., கழுத்து 22, தலை 38. கழுத்துக்கு ஏற்றபடி பின்னினால் தலை நுழையாது, தலைக்கு ஏற்றபடி பின்னினால் தோளில் நிற்காது. அதனால் தலைவழியாகப் போடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, முதுகு முழுக்கத் திறந்த கையில்லாச் சட்டையாகப் பின்னுங்கள்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு. நடுத்தர நூல், 4 மி.மீ. ஊசி என்றால் 10 செ.மீ. அகலத்துக்குப் பொதுவாக 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வரும். உங்கள் கை இறுக்கமாக இருந்தால் 24 வரலாம். துண்டின் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் அளங்கள். 22 என்றால் 30 செ.மீ. வயிற்றுக்கு 66 கண்ணி, முதுகில் ஒன்றன்மேல் ஒன்று படிய இன்னும் 4, ஆக 70 ஏற்றுங்கள்.

முதல் ஆறு வரிசை இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (புரட்டுப் பின்னல்) என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று வெறுமனே பின்னினால் கீழ் ஓரம் சுருளத்தான் செய்யும். இஸ்திரி போட்டு நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அக்ரிலிக் நூல் சூட்டில் தொய்ந்துவிடும். ஆறு வரிசைக்குப் பிறகு வெறும் பின்னலுக்கு மாறலாம். ஆனால் இரு ஓரத்திலும் நான்கு கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள். முதுகுத் திறப்பு சுருளாமல் தட்டையாக நிற்கும்.

அக்குள் உயரம் வந்ததும் கண்ணிகளை முதுகுக்கு 18, முன்பக்கத்துக்கு 34, மறுபக்க முதுகுக்கு 18 என்று பிரித்துத் தனித்தனியாகப் பின்னுங்கள். கரடியின் கை மடங்காது, பக்கவாட்டில் விறைத்து நிற்கும். கைச்சுற்று 16 செ.மீ. என்றால் அதில் பாதி 8. அதோடு ஒன்று கூட்டி 9 செ.மீ. உயரம் விடுங்கள். ஒவ்வொரு தோளுக்கும் 5 கண்ணி போதும், மீதியெல்லாம் கழுத்து. முடிக்கும்போது மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்தால் ஓரம் இறுகாது.

பொத்தானுக்குப் பதில் கழுத்தருகே ஒரே ஒரு வெல்குரோ துண்டைக் கெட்டியாகத் தையுங்கள். சொரசொரப்பான பக்கத்தைக் கீழ் மடிப்பில் வெளிநோக்கி வைக்க வேண்டும். உள்நோக்கி வைத்தால் கரடியின் ரோமத்தைப் பிடுங்கிவிடும். எனக்கு அப்படி ஒரு பொம்மை முயலின் முதுகு வழுக்கையானது.

நூலைப் பொறுத்தவரை என் ஓட்டு அக்ரிலிக்குக்கே. கரடிக்கு வியர்க்கப் போவதில்லை. ஆனால் சட்டையை வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில், மழைநாளில் வீட்டுக்குள் காயப்போட்டால் தடித்த பருத்திப் பின்னல் சீக்கிரம் காயாது, வாடையும் அடிக்கும். 50 கிராம் உருண்டை ஒன்று தாராளம். சைனாடவுன் பீப்பல்ஸ் பார்க் சென்டரில் நூல் கடைகள் உண்டு. அப்படியே மூங்கில் ஊசியும் வாங்குங்கள், வியர்த்த கையில் எஃகு ஊசி வழுக்கும்.

கை வைத்ததுதான் வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்தால், தோளைச் சேர்த்த பிறகு கைத்துளையைச் சுற்றி 40 கண்ணி எடுத்து, 3 செ.மீ. மட்டும் பின்னித் தளர்வாக முடியுங்கள். அதற்குமேல் நீளம் வேண்டாம். நான்கு வயது விரல்களால் அந்தப் பஞ்சுக்கையை உள்ளே திணிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் உங்களைத்தான் கூப்பிடுவாள்.