அல்ட்ராசோனிக் காற்றுமானியை மாடியில் மாட்டிவிட்டு அப்படியே மறந்துவிடலாமா?

கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாராம். கிண்ணம் சுற்றுகிற பழைய காற்றுமானி இரண்டே வருடத்தில் பேரிங் துருப்பிடித்து நின்றுவிட்டது. சுற்றும் பாகமே இல்லாத அல்ட்ராசோனிக் வாங்கினால் பராமரிப்புத் தொல்லை தீருமா என்கிறார்.

பேரிங் தொல்லை தீரும். காக்கா, சிலந்தி, உப்பு, மழைத்துளி என்று புதுத் தொல்லை நாலு வரும்.

நான் தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில் இருப்பவன். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆனி, ஆடிக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எங்கள் மாடிக் கொடியில் ஒரு வேட்டிக்கு நாலு கிளிப் போட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஏத்தன் வாழை குலையோடு சாய்ந்தது. காற்று என்ன வேகம் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள். அந்த எரிச்சலில் முதலில் கிண்ணக் கருவியும் பிறகு இதுவும் வாங்கினேன்.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் கோளாறு வரும்போது கை உதறாது. காதுக்குக் கேட்காத ஒலியை ஒன்றுக்கொன்று அனுப்பி வாங்கும் இரண்டு தலைகள் எதிரெதிராக, இடையே 15 செ.மீ. என்று வையுங்கள். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும், ஆக ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு 430 மைக்ரோ நொடி. நொடிக்கு 10 மீட்டர் காற்று அதே திசையில் அடித்தால் போக 418, எதிர்த்து வர 442. இந்த 24 மைக்ரோ நொடி வித்தியாசம்தான் காற்று. இரண்டு நேரத்தையும் தலைகீழாக்கிக் கழித்தால் ஒலியின் வேகம் கணக்கிலிருந்தே விழுந்துவிடும், அதனால் வெயிலோ பனியோ அளவைக் கெடுக்காது. ஆனால் அந்த 15 செ.மீ. இடைவெளிக்குள் எது வந்து உட்கார்ந்தாலும் கணக்கு போச்சு.

இடம்தான் முக்கால் பங்கு. வானிலைக்காரர்களின் அளவு: திறந்தவெளியில் 10 மீட்டர் உயரம், பக்கத்து மரம், கட்டடம் எல்லாம் தங்கள் உயரத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு தள்ளி. தென்னைக்கு நடுவில் வீடு கட்டியிருக்கும் நமக்கு அது வாய்க்காது. குறைந்தபட்சம் மாடிக் கைப்பிடிச் சுவரில் முட்டி மேலே எழும்பும் காற்றுக்கு மேலே போயாக வேண்டும். எவ்வளவு மேலே என்று பார்க்க நான் செய்தது இது: ஒரு மூங்கில் கழியில் அடிக்கு ஒன்றாகப் பழைய சேலைக் கிழிசல்களைக் கட்டி மாடியில் தூக்கிப் பிடித்தேன். கீழே இருந்தவை சுருண்டு மேல்நோக்கித் துடித்தன. சுவருக்கு மேல் ஐந்தடி தாண்டியவை மட்டும் கிடையாக நீண்டு பறந்தன. 20 அடி ஜி.ஐ. பைப்பை நிறுத்தி மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினேன். பைப் ஆடினால் அதுவும் காற்றாகப் பதிவாகும்.

கருவியில் உள்ள வடக்குக் குறியைச் சரியாக வைக்கத் திசைகாட்டியைப் பைப்பை ஒட்டிப் பிடிக்காதீர்கள், இரும்பு இழுக்கும். நான் உச்சி வேளையில் நிழலைப் பார்த்தேன், அப்போது அது நேர் வடக்கு-தெற்காக விழும். நம் ஊர்த் தீர்க்கரேகைக்கு உச்சி வேளை 12 மணி அல்ல, சுமார் 12:20. மாதத்துக்கு மாதம் கால் மணி முன்பின் ஆகும், நாள்காட்டியில் உதயம், அஸ்தமனம் பார்த்து நடுநேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், உச்சி நிழல் தெற்கே விழும். இது தெரியாமல் ஆனி மாதத்தில் குறி வைத்தால் கருவி நேர் எதிராகத் திரும்பிவிடும்.

வயரிங்கில் பெரிதாக ஒன்றுமில்லை. கருவி ஆர்.எஸ்-485 (இரண்டு வயரில் தூரத்துக்குத் தரவு அனுப்பும் முறை) என்றால் முறுக்கிய ஜோடி வயர், நீளம் அதிகமானால் கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். பைப்புக்கு எர்த் கட்டாயம். சித்திரை இடிக்கு நான் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன்.

இனி நான் மூன்று ராத்திரி தூக்கம் கெட்ட கதை. ஐப்பசி, மழை விட்ட நேரம். முருங்கை இலைகூட அசையவில்லை, திரையில் காற்று நொடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 61 கி.மீ. கேபிளைச் சந்தேகப்பட்டேன், இணைப்புகளைத் திரும்பப் பற்றவைத்தேன், கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்வர்ட்டரை மாற்றினேன். கடைசியில் கருவி அனுப்பும் வரிகளை அப்படியே எடுத்துப் படித்தேன். என்.எம்.இ.ஏ. (கப்பல் கருவிகள் தரவு அனுப்பும் பொது வடிவம்) முறையில் வரும் காற்று வரியில் முதல் புலம் திசை, மூன்றாவது வேகம், ஐந்தாவது நிலை. அந்த ஐந்தாவதில் 'ஏ' என்றால் எடுத்துக்கொள்ளலாம், 'வி' என்றால் தள்ளிவிட வேண்டும். எல்லா வரியிலும் 'வி'! கீழ்த்தலைகளில் துளி துளியாகத் தண்ணீர் நின்றிருக்கிறது, கருவி அதை ஒழுங்காகச் சொல்லியும் இருக்கிறது. நான் எழுதிய புரோகிராம்தான் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை எறிந்திருக்கிறது.

அதே புரோகிராமில் சராசரியிலும் ஓட்டை. ஆடியில் மேற்குக் காற்றே அடித்ததால் வெளியே தெரியவில்லை. கார்த்திகையில் காற்று வடக்கைச் சுற்றி ஊசலாடியதும் 350 பாகையும் 10 பாகையும் சேர்ந்து 180 ஆகி, 'தெற்குக் காற்று' என்றது. திசையை வெறும் எண்ணாகக் கூட்டாமல் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று இரண்டு கூறாகப் பிரித்துச் சராசரி எடுங்கள்.

"மக்ளே, ஒன் மிஷினு மேல காக்கா குத்தவச்சிருக்கு பாத்துக்கோ" என்று அம்மா கீழே இருந்து கூப்பிடுவாள். ஓட்டினால் அடுத்த நிமிடம் திரும்ப வரும். மேல்மூடியைச் சுற்றிக் கேபிள் டைகளை இறுக்கி, வாலை நறுக்காமல் வானம் பார்க்க விட்டேன், அதோடு நின்றது. சிலந்திக்கு மருந்தில்லை, மாதம் ஒரு தரம் பார்த்துத் துடைக்க வேண்டியதுதான். உங்களுக்குக் கடல் பக்கம் என்பதால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் உப்பை எடுங்கள். தின்னர் வேண்டாம், நகத்தால் சுரண்ட வேண்டாம், ஹோஸ் வைத்து அடிக்கவே வேண்டாம். துடைத்த பிறகு காற்றில்லாத ராத்திரியில் பெரிய அட்டைப்பெட்டியால் மூடிப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும், என்னுடையது நொடிக்கு 0.1 மீட்டருக்குள் நிற்கும். பக்கெட்டால் மூடினால் எதிரொலி குழப்பும்.

வேகம் மட்டும் போதும், காசு கையில் குறைவு என்றால் இன்னொரு கிண்ணக் கருவியே வாங்கலாம், குறையில்லை. என்ன, குபுகுபுவென்று அடிக்கும் காற்றில் கிண்ணம் சட்டென்று வேகம் பிடிக்கும், மெதுவாகத்தான் தணியும், அதனால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். உப்புக்காற்றில் பேரிங்கை நீங்களே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எது வாங்கினாலும் மாட்டுகிற வேலையை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் மாடியில் ஏணியைப் பிடிக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.