பாஸ் இருக்கிறது, சீட் இருக்கிறதா?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர் கல்லடி. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆகஸ்டில் சூரிச்சில் உள்ள மகளிடம் போகிறோம். அங்கிருந்து டோட்முண்டில் தம்பி, பாரிசில் மச்சாள், லண்டனில் பெரியப்பாவின் மகன் என்று எல்லோரையும் பார்த்து வர எண்ணம். ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் யூரெயில் பாஸ் எடுத்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்கிறார் மருமகன். சீட் தனியாகப் பதிய வேண்டுமா? மகளுக்கும் இங்கிருந்தே பாஸ் எடுக்கலாமா?

பதில்: சேவையில் இருந்த காலத்தில், அரச ஊழியருக்குத் தரும் இலவச ரயில் வாரண்டோடு கொழும்புக்குப் போய் வந்திருப்பீர்கள். சீட் பதியாமல் கோட்டையில் ஏறி, மாகோ வரை நின்றே வந்த நாளும் இருந்திருக்கும். யூரெயில் பாஸும் அந்த வாரண்ட் மாதிரித்தான். பயணம் செய்யும் உரிமையைத் தரும், இருக்கையைத் தராது. ஒரு வித்தியாசம்: நம்ம கோச்சியில் நின்றாவது வந்து சேரலாம். அங்கே சில ரயில்களில் சீட் பதிவு இல்லாவிட்டால் ஏறவே முடியாது.

உங்கள் பாதையில், கடலடிச் சுரங்கம் வழியாக லண்டன் போகும் யூரோஸ்டாரும், பாரிஸ்–சூரிச் ஓடும் டிஜிவி லிரியாவும் அந்த வகை. இவற்றில் பாஸ்காரர்களுக்கென்று கொஞ்ச இடம்தான் ஒதுக்குவார்கள். பொது டிக்கெட் விற்பனையில் இருக்கும்போதே அந்த ஒதுக்கீடு தீர்ந்துபோகும். ஆகஸ்ட் என்றால் கேட்கவே வேண்டாம். யூரோஸ்டாரில் இரண்டாம் வகுப்புக்கே ஆளுக்கு 30 யூரோ அளவில் பதிவுக் கட்டணம் வரும், அது பாஸ் விலைக்கு மேல்.

ஆகவே ஊர்களின் வரிசையை மாற்றுங்கள். டோட்முண்டில் இருந்து நேரே பாரிசுக்குப் போகாதீர்கள், அங்கேயும் பெரும்பாலும் யூரோஸ்டார்தான் வரும். கெல்ன் வந்து, ஐசிஇ என்ற ஜெர்மன் விரைவு ரயிலில் பிரசல்ஸ் போய், அங்கிருந்து லண்டன். பிறகு லண்டன்–பாரிஸ், பாரிஸ்–சூரிச். இப்படிப் போனால் கட்டாயப் பதிவு மூன்றே ரயிலுக்கு. பயண நாளும் நான்குதான், ‘ஒரு மாதத்தில் 4 நாள்’ பாஸே போதும். அறுபது கடந்தவர்களுக்குப் பத்து வீதக் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சூரிச்–டோட்முண்ட், கெல்ன்–பிரசல்ஸ் ஐசிஇ ரயில்களில் பதிவு கட்டாயமில்லை. சீட்டுக்கு மேலே சின்னத் திரை இருக்கும். அதில் இரண்டு ஊர்ப் பெயர் எரிந்தால் அந்தத் தூரத்துக்கு அது வேறொருவருடைய இடம், வெறுமையாக இருந்தால் உட்காரலாம். ஆனாலும் இந்த வயதில், பெட்டியும் கையுமாகத் தேடித் திரிய வேண்டாம். சில யூரோதான், பதிந்துவிடுங்கள்.

ஜெர்மன் ரயில் தாமதிக்கும். இதை அங்குள்ள உங்கள் தம்பியே சொல்லுவார். பிரசல்ஸில் இறங்குவதற்கும் யூரோஸ்டார் புறப்படுவதற்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். விமான நிலையம் போலப் பெட்டிச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை எல்லாம் முடித்துத்தான் ஏற்றுவார்கள்.

இனி, பலர் சறுக்கும் இடம். சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது, பிரித்தானிய விசா தனி. லண்டனில் இருந்து பாரிசுக்குத் திரும்புவது ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒருமுறை விசாவோடு போனால் திரும்பி வர வழியில்லை, மகள் சூரிச்சில் சோறு ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சீட் பதிவுக் காசு பெரும்பாலும் திரும்பி வராது. விசா கைக்கு வந்த பிறகு கட்டுங்கள். முதலில் மூன்று ரயிலிலும் பாஸ்காரர் இடம் இருக்கிறதா என்று யூரெயில் தளத்தில் பாருங்கள். இருந்தால் பாஸையும் சீட்டையும் ஒரே இருப்பில் எடுங்கள். மூன்றில் ஒன்றில் இடம் கிடைக்காவிட்டாலும் எதையும் வாங்காமல், திகதியை மாற்றிப் பாருங்கள். மச்சாள் கோபிக்கமாட்டா.

பாஸ் போனுக்குள், ரெயில் பிளானர் செயலியில் இருக்கும். ஒவ்வொரு ரயிலையும் அதில் சேர்த்தால்தான் பரிசோதகருக்குக் காட்டும் கியூஆர் குறி வரும். மூன்று நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும். சீட் பதிவைத் தனியாகத் தாளில் எடுத்து வையுங்கள், இரண்டையும் கேட்பார்கள்.

மகளுக்கு யூரெயில் எடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறார் என்பதே கணக்கு. சுவிசில் வசிப்பவருக்கு, ஐரோப்பாவில் வசிப்போருக்கான இன்டர்ரெயில் பாஸ். அதில் சொந்த நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் பாஸ் செல்லும்.

ஒன்று விட்டுவிட்டேன். லண்டன் ரயில் பாரிசில் கார் து நோர் நிலையத்தில் நிற்கும், தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலுக்கு நடந்தே போகலாம். சூரிச் ரயில் புறப்படுவதோ கார் து லியோனில். மச்சாள் வீட்டில் இருந்து கிளம்பும் அன்று நிலையத்தின் பெயரை இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.