துடிப்பு குறைந்தால் குழந்தைக்கு ஆக்சிஜன் போகவில்லையா?

கேள்வி: எனக்கு 37-வது வாரம், தலைப்பிரசவம். அக்காவுக்கு வலி வந்தபோது வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டியிருந்தார்கள். குழந்தையின் துடிப்பு திடீரென்று 90-க்கு இறங்கி, உடனே ஏறியது. குழந்தைக்கு ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்று நேரடியாகப் பார்க்க முடியாதா டாக்டர்?

பதில்: அந்த மெஷின் ஆக்சிஜனை அளப்பதில்லை அம்மா. மேல் பெல்ட் வலி வருவதைக் காட்டும். ஜெல் தடவி வைத்த இன்னொன்று குழந்தையின் துடிப்பைப் பிடிக்கும். சில நேரம் அது தாயின் துடிப்பையே பிடித்துவிடும். அதனால்தான் தாயின் நாடியையும் கூடவே பார்க்கிறோம்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மெஷினிலிருந்து வரும் காகிதத்தில் மேலே ஓடும் துடிப்புக் கோடு 5 முதல் 25 துடிப்பு வரை நடுங்கிக்கொண்டே போக வேண்டும். குழந்தை தூங்கினாலும் தாய்க்குப் பெத்திடின் என்ற வலிநிவாரண ஊசி போட்டாலும் கோடு சற்று நேரம் தட்டையாகும். நெடுநேரம் அப்படியே கிடந்தால்தான் கவலை.

துடிப்பு எப்போது இறங்குகிறது என்பதைக் கீழே மேடுமேடாக வரும் வலியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். வலியோடு மெதுவாக இறங்கி வலியோடு ஏறினால், தலை அழுந்துகிறது, பயமில்லை. சட்டென்று செங்குத்தாக விழுந்து எழுந்தால், பெரும்பாலும் தொப்புள்கொடி நசுங்குகிறது. அக்காவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். காகிதத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வலி உச்சத்தைத் தாண்டியபின் இறங்கி, வலி நின்றும் மெல்லத்தான் ஏறுகிறது, ஒவ்வொரு வலிக்கும் இப்படியே என்றால், நஞ்சு (பிளசென்டா) வழியே போகும் ஆக்சிஜன் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

அப்போது முதலில் தாயை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்போம். 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் வலியைத் தூண்ட ஏற்றும் ஆக்சிடோசின் டிரிப்பை நிறுத்துவோம். வலிகளுக்கு நடுவே கருப்பை தளர்ந்தால்தான் நஞ்சுக்குள் ரத்தம் நன்றாகப் பாயும். பிபி பார்ப்போம், கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று சோதிப்போம். தாயின் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால், மாஸ்க் வைப்பதால் குழந்தைக்குப் பலன் இருப்பதாக நிரூபணமில்லை.

நீங்கள் கேட்ட நேரடி அளவுக்கும் முயற்சி நடந்தது. குழந்தையின் கன்னத்தை ஒட்டி வைக்கும் சென்சாருக்கு 2000-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 5,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் சிசேரியன் குறையவில்லை, குழந்தைகளுக்கும் கூடுதல் நன்மை இல்லை, அது வழக்கொழிந்தது. சில மருத்துவமனைகளில் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அமிலத்தன்மை (pH, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்ப்பார்கள்: 7.25-ம் அதற்கு மேலும் நிம்மதி, 7.20-ம் அதற்குக் கீழும் என்றால் தாமதிக்கக் கூடாது.

உங்களுக்குச் சிக்கல் ஏதும் இல்லையென்றால் பெல்ட்டே தேவைப்படாமல் போகலாம். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி முடிந்ததும் ஒரு முழு நிமிடம் டாப்ளர் என்ற சிறு கைக்கருவியில் துடிப்பைக் கேட்டால் போதும். பிபி, சர்க்கரை, முந்தைய சிசேரியன், பனிக்குடநீரில் மலம் கலந்திருப்பது, டிரிப் ஏற்றுவது என்றால் தொடர்ந்து பார்ப்பதே நல்லது.

வலி வருவதற்கு முன்பே குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.