கிக்ஆஃப் பந்து களத்துக்குள், ரிசீவரின் கால் வெளியே: தவறு யாருடையது?

அமெரிக்கக் கால்பந்தில் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பந்தை, ரிசீவர் (அதைப் பெறும் அணியின் வீரர்) சைட்லைனில் (களத்தின் பக்கக் கோடு) ஒரு கால் வைத்தபடி தொட்டார்; நடுவர் உதைத்த அணிமேல் ஃப்ளாக் (தவறைக் காட்டும் கொடி) போட்டது சரியா என்று கேட்கிறீர்கள். ஃப்ளாக் போட்டது சரி. தவறு உதைத்த அணியுடையதுதான். பந்து 12 யார்டு கோட்டருகே உள்ளேதான் உருண்டது என்கிறீர்கள், இருக்கட்டும். ரிசீவர் ஒரு காலால் சைட்லைனை மிதித்தபடி தொட்ட நொடியே பந்து வெளியே போனதாகக் கணக்கு. கோடும் வெளிப்பகுதியே.

"அவர்தான் தொட்டுவிட்டாரே" என்று பயிற்சியாளர் கத்தியது இந்த இடத்தில் வரும் வழக்கமான குழப்பம். களத்துக்குள் நின்று தொட்டிருந்தால்தான் உதைத்த அணி தப்பிக்கும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிப்படி, உதைத்த அணி தன் 40 யார்டு கோட்டிலிருந்து உதைத்திருந்தால் 25 யார்டு தள்ளி, பெறும் அணியின் 35-இல் பந்து (கோடுகள் அந்தந்த அணியின் கோல் கோட்டிலிருந்து நடுக்களத்தின் 50 வரை எண்ணப்படும்). 5 யார்டு பின்னே போய் மறுபடி உதைக்கச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு, அரிதாகவே கேட்பார்கள். என்எஃப்எல்லில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) உதை 35-இலிருந்து என்பதால் அதே 25 யார்டு பெறும் அணியின் 40-இல் கொண்டுவிடும்.

வீடியோ இருந்தால் கை பந்தில் படும் ஃப்ரேமில் நிறுத்திக் காலை மட்டும் பாருங்கள். களத்தில் பலரும் பந்தையே பார்த்துக் காலைக் கோட்டைவிடுகிறார்கள். கோட்டுக்கு வெளியே நின்று, கோட்டின் நீளவாக்கில் பாருங்கள்: முதலில் கால், பிறகு பந்து.

ஒரு எச்சரிக்கை: ரிசீவர் முதலில் உள்ளே நின்று தட்டி, பந்து அப்புறம் வெளியே போனால் ஃப்ளாக் கிடையாது. வெளியேறிய இடத்திலேயே பெறும் அணிக்குப் பந்து. எதிரணி தள்ளியதால் பந்தில் பட்டிருந்தால் மட்டும் அந்தத் தொடுதலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.