சென்னையில் தரைத்தள வீடு. மாலை ஆறு மணிக்கு மேல் கொசு மொய்க்கிறது. லிக்விட், வத்தி, பேட் எதற்கும் அடங்கவில்லை. நிரந்தரத் தீர்வு உண்டா?

நிரந்தரம் என்ற சொல்லை முதலில் கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் குறைக்கலாம், அதுவும் கடையில் விற்கும் கொசு மருந்து எதையும் வாங்காமல்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. "ஆறு மணிக்கு மேல்" என்கிறீர்கள். பகலில் கடிப்பதாகச் சொல்லவில்லை. அப்படியானால் இது பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அல்ல, க்யூலெக்ஸ். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது. யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுதான். ஆகவே பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பது, தேங்காய் ஓட்டைப் பொறுக்குவது போன்ற அறிவுரைகள் உங்கள் பிரச்சினைக்குப் பொருந்தா. அவை ஏடிஸுக்கானவை. இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் வேறு, கொசு வேறு.

செப்டிக் டேங்க் உள்ள வீடாக இருந்தால், இன்று மாலை ஐந்தரை மணிக்கு அதன் காற்றுக் குழாயின் வாயில் ஒளி ஊடுருவும் பாலித்தீன் பை ஒன்றைக் கவிழ்த்து, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். பைக்குள் கொசு அப்பிக்கிடந்தால் ஊற்றுக்கண் கிடைத்துவிட்டது. பையை அப்படியே விட்டுவிடாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாமல் பாத்ரூம் வழியாக நாற்றம் உள்ளே வரும்.

குழாய் உச்சியில் இருக்கும் பிளாஸ்டிக் தொப்பியின் இடுக்கு, கொசு தாராளமாக நுழையும் அளவுக்கு அகலம். அதன்மேல் வலை கட்ட வேண்டும். கண்ணின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நைலான் வலை கட்டினால் சென்னை வெயிலில் நாளடைவில் பொடிந்துபோகும், பொடிந்தது கீழிருந்து பார்த்தால் தெரியாது. இரும்பு வலையை டேங்கிலிருந்து வரும் வாயு அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலைதான் நிற்கும். ஹார்டுவேர் கடையில் எஸ்எஸ் கொசுவலை என்று கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். குழாய் நான்கு அங்குலம் என்றால் ஓரடிச் சதுரத் துண்டு போதும். மூடி மடித்து, குழாய்க் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பழைய பனியனையோ சாக்கையோ கட்டாதீர்கள், பையைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான்.

குழாயை மட்டும் அடைத்தால் கொசு மூடி வழியே வரும். சிமென்ட் பலகை மூடிகளுக்கு நடுவே விரல் நுழையும் இடுக்கு இருக்கும், தூக்குவதற்கான கம்பி வளையத்தைச் சுற்றியும் ஓட்டை இருக்கும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி அடைக்கலாம். லாரி வைத்து உறிஞ்சும்போது மூடியைத் திறப்பார்கள், அதன்பின் மறுபடி பூச வேண்டும். அதை மறப்பதால்தான் "போன வருஷம் எல்லாம் செய்தோம், திரும்ப வந்துவிட்டது" என்கிறார்கள்.

இன்னொரு வழி அதிகம் பேர் அறியாதது: தெர்மாகோல் மணி. பீன் பேக்கில் போடும் அந்த வெள்ளை மணிகளைத் தண்ணீர் மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால், பெண் கொசுவால் முட்டையிட முடியாது, புழுவும் மேலே வந்து மூச்சு வாங்க முடியாது. இது யாரோ சொன்ன கைவைத்தியம் அல்ல. கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஸான்சிபாரின் மகுண்டுச்சி என்ற ஊரில் 1980களின் இறுதியில் கழிப்பறைக் குழிகளில் போட்டுப் பார்த்து, க்யூலெக்ஸைப் பெருமளவு குறைத்த முறை. நம் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் யானைக்கால் தடுப்பு ஆய்வில் கழிவுநீர்க் குழிகளில் பயன்படுத்தினார்கள். ஆறுக்கு நாலடித் தொட்டி என்றால் சுமார் இருபத்திரண்டு லிட்டர் மணி, எடையில் அரை கிலோவுக்குள். டேங்கில் இரண்டு மூன்று அறைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் போட வேண்டும். வெளியேறும் குழாயில் T வடிவ இணைப்பு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் மணி தங்கும், இல்லையேல் அடுத்த குழிக்குப் போய்விடும். மழையில் நிரம்பி வழியும் டேங்கில் போடவே போடாதீர்கள். தெருவெல்லாம் தெர்மாகோல் மிதக்கும், கொசுவும் இருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிக்காரர்கள் வலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மூடியைத் திறந்தால் தீக்குச்சி, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அந்த வாயு ஆளைக் கொல்லும், இறக்குவது சட்டப்படி குற்றமும்கூட.

பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடா? அப்படியானால் காம்பவுண்டுக்குள் இருக்கும் சேம்பர் மூடிகளைப் பாருங்கள். புழங்காத பாத்ரூமின் நானி டிராப்பையும், அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் வாயையும், பாருங்கள். அதில் நிற்கும் தண்ணீர்தான் அடைப்பு. காய்ந்துவிட்டால் சேம்பரிலிருந்து நேராக வீட்டுக்குள் பாதை திறக்கும். வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. அந்த வாயின் மேல் போடும் கரப்பான் பூச்சி ஜாலியின் (துளைத் தட்டின்) துளை கொசுவைத் தடுக்காது.

வாசலில் இருக்கும் மழைநீர் வடிகால் உங்கள் கையில் இல்லை. அதில் தேங்கி நிற்பது பெரும்பாலும் மழைநீரே அல்ல, யாரோ திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர். கனமழை அடித்தால் புழு கழுவிக்கொண்டு போகும். தை, மாசியில் கொசு ஏறுவது மழை ஓய்ந்து அந்தத் தண்ணீர் நகராமல் நிற்பதால்தான். வார்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது "புகை அடியுங்கள்" என்று கேட்காதீர்கள், "புழுக்கொல்லி தெளியுங்கள், தூர் வாருங்கள்" என்று கேளுங்கள். புகை பறக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் கொல்லும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிறோம், கொசுவோ வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நாளை புதிதாகப் பிறப்பவை தண்ணீரில் பத்திரமாக இருக்கின்றன. புழுவுக்குப் பாக்டீரியா மருந்து தெளித்தாலும் கூட்டுப்புழு சாகாது, அது தின்பதே இல்லை. அதற்கு எண்ணெய்ப் படலம் வேண்டும். அழுக்குத் தண்ணீரில் மருந்தின் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும், அதனால் வாராவாரம் தெளிக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்கள் "டேங்க்கில் கை வைக்க நாங்கள் யார்?" என்று கேட்பீர்கள். நியாயம். இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவார்கள், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், ஆனால் ஓரடி வலை கட்டச் சொன்னால் "முன்னால் இருந்தவர்கள் சொல்லவில்லையே" என்பார்கள். 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எத்தனை பேர் வாங்காமல் இருக்கிறார்கள்? சரி, அது வேறு கதை. வலையை நீங்களே கட்டிவிடுங்கள், சண்டையைவிடச் செலவு குறைவு.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஐந்தரை முதல் ஏழரை வரை ஜன்னல், கதவைச் சாத்துங்கள். கூட்டமாக நுழைவது அப்போதுதான். வலை போட்ட ஜன்னல் என்றால் வெல்க்ரோ ஓரங்களைப் பாருங்கள், தூசி ஏறினால் ஒட்டாது. காலையில் பாத்ரூம் மூலை, கட்டிலடி, தொங்கும் துணிக்குப் பின்புறம் பேட்டை வீசுங்கள். ரத்தம் குடித்த கொசு அங்கேதான் கனத்துப்போய் உட்கார்ந்திருக்கும். இரவில் மேசை விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள், எதிர்காற்றில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடியாது. கொசுவலைக்குள் படுப்பவர்கள் ஓரத்தைப் பாயின் அடியில் செருக வேண்டும். வலையை ஒட்டிப் படுத்தால் வெளியிலிருந்தே முழங்கையில் குத்தும்.

லிக்விட் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுப்பதற்கு அரை மணி முன்பே போடுங்கள். ஆனால் க்யூலெக்ஸுக்கு இந்த வகை மருந்துகள் பழகிவருகின்றன, மயங்கி விழுந்தது எழுந்து பறப்பது அதனால்தான். கொசுவத்தியை மூடிய அறையில் கொளுத்தவே கூடாது. ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு சொல்கிறது. பெட்டியில் மருந்தின் பெயரே இல்லாத கொசு ஊதுபத்தி அதைவிட மோசம்.

நொச்சியை விட்டுவிட்டேன் என்று யாராவது வருவார்கள். மாநகராட்சியே ஒரு காலத்தில் நொச்சிக் கன்று கொடுத்தது தெரியும். இலையைப் புகைத்தால் கொஞ்ச நேரம் விலகும். செடியாகத் தொட்டியில் நிற்கும்போது எந்தக் கொசுவும் அதைச் சட்டை செய்வதில்லை. மொபைலில் ஒலி எழுப்பும் ஆப்பும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கணுக்காலில் கடித்தால், காலில் வெள்ளை வரியுள்ள ஏடிஸும் இருக்கிறது என்று பொருள். அதற்குத்தான் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏசி தண்ணீர் வாளி, மொட்டைமாடி ஆட்டுக்கல், மூடாத டிரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து மறுபடி நனைந்தால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும், அதனால் கிழமையைத் தவறவிடாதீர்கள்.