உள்ளங்கைத் தடிப்பும் ‘நெகட்டிவ்’ சீட்டும்

கோத்தகிரி அருகே தேயிலை பறிக்கும் வாசகி ஒருவர், ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறவர், எழுதுகிறார்: “மூன்று வாரமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் தடிப்புகள். அரிப்பு இல்லை. ரத்தப் பரிசோதனையில் மேகநோய் (சிபிலிஸ்) இல்லை என்று சீட்டு வந்துவிட்டது. இது பனியாலா, மாத்திரையாலா?”

இரண்டும் இல்லையென்றே நினைக்கிறேன். மாத்திரை ஒவ்வாமை பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும். பனிக்கடி அரிக்கும், எரியும். தேயிலைக் கறை விரல் நுனியிலும் ரேகையிலும் படியும். நான்கு நாள் பறிக்காமலிருந்தால் வெளிறும். அரிப்பில்லாமல், ஓரத்தில் மெல்லிய செதிலோடு உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் ஒருசேர வரும் வட்டத் தடிப்பு என்றால் முதலில் மேகநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, குறிப்பாக எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால், இது பொருக்குத் தட்டிய புண்ணாகவும் மாறக்கூடும். பார்வை மங்கினாலோ காது இரைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

‘நெகட்டிவ்’ சீட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் ஆய்வகத்தில் கலக்கும் கரைசலுடன் சேர்ந்து திரிதிரியாகத் திரள வேண்டும். அந்தப் பொருள் அளவுக்கு மீறி இருந்தால் திரளாமலே போய்விடும். நோய் உச்சத்தில் இருக்கும்போதே ‘இல்லை’ என்று வரும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதை மறக்கக் கூடாது. சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை) நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள் என்று மருத்துவர் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அந்த ஒரு வரிக்காக இந்த மலையிலிருந்து கோவைக்கு இறங்கி ஒரு நாள் கூலியை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கோபம் வருவது, பேருந்து நிலையத்தில் ‘ரத்த சுத்தி’ டானிக்கும் களிம்பும் விற்கும் ஆட்களிடமும், அவர்களிடம் ஆள் பிடித்து அனுப்பிக் கமிஷன் வாங்கும் தரகர்களிடமும். இந்தத் தடிப்பு எதுவும் பூசாவிட்டாலும் சில வாரங்களில் தானே மறையும். கிருமி உள்ளேயே இருக்கும், பெயர் மட்டும் களிம்புக்குப் போகும்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் காட்டுங்கள். நோய் உறுதியானால், தொடக்க நிலைக்கு பென்சத்தின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தவணை போதும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. ஊசி போட்ட அன்று இரவு குளிர்காய்ச்சல் அடிக்கலாம். அது கிருமி சாவதால் வருவது, ஒவ்வாமை அல்ல. கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் பரிசோதனையும் மருந்தும் தேவைப்படும். பிறகு 3, 6, 9, 12, 24ஆம் மாதங்களில் ரத்த அளவைப் பார்க்க வேண்டும், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில். ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.